சீதேவிப்பிள்ளை ஆற்றுவாய் வெட்டப் போனது

அந்த மார்கழியில் மழைக்கு வெட்கம் மானம் எல்லாம் விட்டுப்போய்விட்டது. பொழுது விடிந்தாலும் மழை, பொழுது பட்டாலும் மழை. புளியடிமடு வட்டையில் நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உள்ளே திரண்டு, வெளியே வர நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரம். குடலைப் பயிரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் வருத்தக்கூடாது என்பார்கள். வெள்ளத்திடம் இதையெல்லாம் யார் போய்ச் சொல்வது? பள்ளக் காணிகளில் நெல்லின் தலை மட்டும் தெரிந்தது. இன்னும் தாழ்ந்த காணிகளில் அதுவும் தெரியவில்லை.

சீதேவிப்பிள்ளை முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலுக்குக் கீழே இருப்பது வரம்புதான் என்று ஒரு நம்பிக்கை. அவளுக்கு நாற்பத்தைந்து வயது. பார்த்தவர்கள் அறுபது சொல்வார்கள். அவளுக்குப் பின்னால் வட்டைச் சனம் குடையும் உரப்பையுமாக நின்றது.

“இன்னும் எத்தினை நாளைக்குப் பொறு பொறு எண்டு சொல்லப்போறாய் புள்ள?” என்றார் ஒரு பெரியவர். “பொறுத்தார் பூமி ஆள்வாராம். இஞ்ச பூமியே தண்ணிக்குள்ள கிடக்கு.”

“போறன் பெரியப்பா. நாளைக்கு விடிய வெளிக்கிட்டிருவன்.”

“நாளைக்கு ஆத்துவாய வெட்டாட்டி பிறகு வெட்டியும் காரியமில்ல. அழுகத் தொடங்கிற்று.”

“தெரியும் பெரியப்பா” என்றாள் அவள். அவளுக்குத் தெரியாதா? அவளுடைய சொந்தக் காணியே பள்ளத்தில்தான் கிடந்தது.

வட்டை என்றால் ஒரு வாய்க்காலைக் குடித்து வளர்கிற வயல்கள் எல்லாம் சேர்ந்த வெளி. அந்த வெளிக்கு எப்போது விதைப்பது, எப்போது தண்ணீர் திறப்பது, எவனுடைய மாடு எவனுடைய பயிரில் வாய் வைத்தது என்பதையெல்லாம் பார்க்க ஒரு ஆள் வேண்டும். காணிக்காரர்கள் கூடி அந்த ஆளைத் தெரிவுசெய்வார்கள். அவர்தான் வட்டை விதானை. புளியடிமடு வட்டைக்கு விதானை இளையதம்பி. சீதேவிப்பிள்ளையின் புருசன்.

தொண்ணூறாம் ஆண்டு ஆமிக்கும் இயக்கத்துக்கும் திரும்பவும் சண்டை தொடங்கிய கையோடு, உரம் வாங்க என்று ஆற்றைத் தாண்டிப் போன இளையதம்பியை அக்கரைத் துறையில் ஆமி வரிசையில் நிறுத்தியது. சாக்கால் முகத்தை மூடிய காட்டிக்கொடுப்பவன் எவனோ தலையாட்டினானாம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. சீதேவிப்பிள்ளை ஏறாத முகாம் இல்லை, கும்பிடாத கால் இல்லை. போன இடமெல்லாம் ஒரே பதில்: அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவேயில்லை.

அடுத்த விதைப்புக் கூட்டத்தில் இனி விதானை ஆர் என்ற கதை வந்தது. ஆம்பிளைகள் இருமினார்கள், வெற்றிலை மென்றார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து சீதேவிப்பிள்ளை எழும்பினாள். “விதானையார் வரும்வரைக்கும் அவருக்குப் பதிலா நான் பாக்கிறன்” என்றாள். எல்லோரும் உடனே ஓம் என்றார்கள். பரிதாபம் பாதி. மீதிப் பாதியை நான் சொல்லத்தான் வேண்டும்: விதானையென்றால் ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டும், அரசாங்கக் காரியாலயமான கச்சேரி ஏற வேண்டும், முகாமில் நிற்க வேண்டும். மீசை வைத்தவன் ஒருவனுக்கும் அதற்குத் துணிவில்லை. பெண் என்றால் பிடிக்கமாட்டார்கள் என்று தங்களுக்குத் தாங்களே தேறுதல் சொல்லிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து வருசாவருசம் அவள்தான் நாயாய் அலைந்தாள். கடிதங்களில் பெயர் மட்டும் இளையதம்பி. அதை மாற்ற அவள் விடவில்லை. இளையதம்பியின் தங்கை புஸ்பம் அவளோடு ஒரே வீட்டில்தான் இருந்தாள். “அண்ணன் இருந்தா இப்பிடி வருமா?” என்று அவள் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். “இருந்தா எண்டு சொல்லாத. வந்தா எண்டு சொல்லு” என்று சீதேவிப்பிள்ளை சீறி விழுந்தாள். அதற்குப் பிறகு புஸ்பம் தமையன் பேரையே எடுப்பதில்லை. அந்த வீட்டில் அவருக்காக ஒருவரும் அழுததும் இல்லை. அழுதால் செத்தார் என்று ஆகிவிடும்.

இனி இந்த ஆற்றின் சங்கதி. கல்முனைப் பக்கத்திலிருந்து ஏறாவூர் வரைக்கும் நீண்டு கிடக்கிற இந்தத் தண்ணீரைப் பள்ளிக்கூடப் புத்தகம் வாவி என்கிறது. சனம் ஆறு என்கிறது. சனம் சொல்வதிலும் நியாயம் உண்டு. மேற்கே மலையடிவாரத்தில் பெய்கிற மழை முந்தானை ஆறாகவும், பெயரில்லாத எத்தனையோ ஓடைகளாகவும் இறங்கி, குளங்களை நிரப்பி, குளம் கொள்ளாமல் வான் பாய்ந்து, வயல்களை மிதித்துக்கொண்டு வந்து இதற்குள்தான் விழுகிறது. விழுந்த தண்ணீர் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஒன்றும் தூரத்தில் இல்லை, சூரியன் எழும்புகிற பக்கத்து எழுவான்கரையில் நின்றால் இரைச்சல் கேட்கும். ஆனால் இடையில் மணல். கோடையில் ஆறு வற்றி உப்பேறிக் கிடக்கும்போது கடல் மணலை அள்ளிக்கொண்டு வந்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரி வெள்ளம் வந்தால் மனிதர் போய் அந்த மணலை வெட்டிவிட வேண்டும். ஆற்றுவாய் வெட்டுதல் என்று அதற்குப் பெயர்.

அதற்கும் ஒரு பதம் இருக்கிறது. ஆறு நிரம்புமுன் வெட்டினால் தண்ணீருக்கு இழுவை போதாது. வாடைக்காற்றுக் கடல் இரண்டொரு நாளில் திரும்ப மூடிவிடும். போதாததற்கு உப்பையும் உள்ளே தள்ளிவிடும். மீன்காரருக்கும் கோபம் வரும், இறால் குஞ்சாகவே கடலுக்கு ஓடிவிடும் என்று. பிந்தி வெட்டினால் வயல் அழுகும். பள்ளக் காணிக்காரன் இன்றைக்கே வெட்டு என்பான், வலைக்காரன் இன்னும் கொஞ்சம் பொறு என்பான். இருவருக்கும் நடுவில் நின்று நாள் சொல்வது விதானையின் வேலை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பதை அந்த உத்தியோகத்துக்கென்றே சொல்லிவைத்தார்கள் போல.

போன வருசம் சனத்தின் வாய்க்குப் பயந்து சீதேவிப்பிள்ளை முந்தி வெட்டுவித்தாள். மணல் மூடிக்கொண்டது. பாதி வட்டை வைக்கோலாகப் போனது. ஊர் அவள் முகத்துக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை, முதுகுக்குப் பின்னால் சொல்லாமலும் விடவில்லை. அதற்காகவே இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். இப்போது பொறுத்தது கூடிப்போயிற்றோ என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நாளை வெட்டு நடக்காவிட்டால் இந்த அழிவு முழுக்க அவள் தலையில்தான்.

விடிய மண்முனைத் துறைக்குப் போனாள். அங்கே இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்த மிதவைதான் ஆட்களை ஏற்றி இறக்கும். பாதை என்று அதற்குப் பெயர். பாதைக்கார வினாயகமூர்த்தி தடியால் ஆற்றுவாழையைத் தள்ளித் தள்ளி வழி எடுத்துக்கொண்டிருந்தான். மேலிருந்து வெள்ளம் அடித்து வந்த அந்த மிதக்கும் செடி துறை முழுக்கப் பச்சைப் பாயாகக் கிடந்தது.

“அக்கா, பாஸ் எடுத்தீங்களா?” என்றான்.

“இந்தா, இயக்கப் பொடியள்ர பாஸ். இந்தா, அங்கால ஆமிக்குக் காட்டுறதுக்குக் கச்சேரிக் கடிதம்.”

“இந்தக் கரைக்கு ஒண்டு, அந்தக் கரைக்கு ஒண்டு. ஆத்து மீனுக்குத்தான் அக்கா இன்னும் பாஸ் இல்ல.”

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிறதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். பலகையில் குந்தி அக்கரையைப் பார்த்தாள். முன்பு அந்தக் கரை முழுக்க, உப்புத்தண்ணீரில் நின்று வளர்கிற கண்ணா மரக் காடு. வேருக்கிடையில் நண்டும் இறாலும் பெருகும், மாலையில் கொக்குகள் வந்து அடையும். ஆட்கள் ஒளிப்பார்கள் என்று ஆமி எல்லாவற்றையும் வெட்டி எரித்துவிட்டது. இப்போது மண்மூட்டைக் காவலரணும் கம்பியும்தான். கண்ணா போனபிறகு கரையை வெள்ளம் துண்டு துண்டாகத் தின்றுகொண்டிருந்தது.

அக்கரையில் உசனார் காத்துக்கொண்டு நின்றார். காத்தான்குடிக்காரர். அவருடைய காணியும் புளியடிமடு வட்டையில்தான் கிடந்தது, வாப்பாவின் காலத்திலிருந்து. தொண்ணூறில் இயக்கம் பள்ளிவாசலுக்குள்ளே சனத்தைச் சுட்டதே, அதற்குப் பிறகு அவர் ஆற்றைத் தாண்டவில்லை. அதில் அவருடைய தம்பியும் போய்விட்டார். காணியை மேற்குக் கரையான படுவான்கரை ஆள் ஒருவர் செய்துகொடுக்கிறார். ஆனால் ஆற்றுவாய் வெட்டு என்றால் உசனார் மண்வெட்டியோடு முதல் ஆளாய் வந்துவிடுவார். தன்னுடைய வயலுக்கு அவரால் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான்.

“தங்கச்சி, ஆக்கள் முப்பது பேர் மட்டில வந்து முகத்துவாரத்தில நிக்காங்க” என்றார். “எங்கட ஆக்களும் இரிக்கி, நாவற்குடாப் பொடியனுகளும் இரிக்கி. என்ட வயல் எப்பிடி?”

“தலை தெரியுது காக்கா. இண்டைக்குத் தண்ணி வடிஞ்சா தப்பும்.” அவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

“அல்லாஹ் போதுமானவன். வாங்க.”

முகத்துவாரத்துக்குப் போகிற வழியில் உசனார் ஒரு செய்தியும் சொன்னார். அங்குள்ள ஆமி முகாமுக்குப் புது ஆபிசர் வந்திருக்கிறானாம். பழைய ஆபிசர் கடிதத்தை வாசித்தும் வாசிக்காமலும் கையெழுத்துப் போட்டு விட்டுவிடுவான். இவன் எல்லாவற்றையும் நோண்டுகிறவனாம். சீதேவிப்பிள்ளை கடிதம் மடியில் பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதைதான் அவளுடைய சீவியம், புதிதாக என்ன வந்துவிடப்போகிறது என்று நடந்தாள்.

மணல்திட்டில் வந்து பார்த்தபோது அவளுக்கே பயமாக இருந்தது. ஒரு பக்கம் ஆறு மண்ணிறமாய் விளிம்புவரை ததும்பிக்கொண்டு நின்றது. மறுபக்கம் கடல் வெள்ளை நுரையோடு குமுறியது. இடையில் கொஞ்ச மணல். மண்வெட்டி கொண்டுவந்த ஆம்பிளைகள் அந்த மழையில் மணலில் குந்தியிருந்தார்கள். எழும்பக்கூடாது என்று ஆமி சொல்லியிருந்தது. மண்வெட்டிகள் எல்லாம் ஒரு பக்கம் குவித்துக் கிடந்தன.

முகாமுக்குள்ளும் கணுக்கால் தண்ணீர். ஆபிசர் இளவயதுக்காரன், கண் சிவந்து காய்ச்சல்காரனைப்போல இருந்தான். மேசையின் நான்கு கால்களையும் செங்கல்லில் ஏற்றி வைத்திருந்தார்கள். அவனுக்கும் நித்திரை இல்லைப் போல என்று அவளுக்குத் தோன்றியது. பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு ஆமிக்காரன் நின்றான்.

ஆபிசர் கடிதத்தை முழுக்க வாசித்தான். ஏதோ கேட்டான்.

“இளையதம்பி யாரு?” என்று மற்றவன் தமிழில் கேட்டான்.

“என்ட புருசன், ஐயா. வட்டை விதானை.”

“அவர எங்க? ஏன் வாறது இல்ல?”

“வீட்டில இல்ல ஐயா. அவருக்குப் பதிலா நான்தான் ஒவ்வொரு வருசமும் வாறன்.”

முந்தின வருசங்களில் கதை அவ்வளவோடு முடிந்துவிடும். இந்த ஆபிசர் பேனையை மேசையில் வைத்தான். நீளமாகப் பேசினான்.

“ஐயா சொல்றது, இங்க முகாமுக்குப் பக்கத்தில முப்பது ஆள், மண்வெட்டி. பிரச்சினை வந்தா யாரு பொறுப்பு? கடிதத்தில பேர் உள்ள ஆள்தான் பொறுப்பு. ஆள் அந்தப் பக்கம் வீட்டிலயும் இல்ல, இங்கயும் இல்ல. அப்ப எங்க? காட்டிலயா?”

காட்டில் என்றால் இயக்கத்தில் என்று அர்த்தம். அது அவளுக்கு விளங்கியது. “இல்ல ஐயா, இல்ல” என்று பதறினாள்.

வாசலில் நின்ற உசனார் உள்ளே எட்டி, “ஐயா, என்ட பேரில எழுதுங்க, நான் பொறுப்பு” என்றார். காணி இருப்பது அந்தக் கரையில், அந்தக் கரை ஆள்தான் வேண்டும் என்று அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். புதுக் கடிதம் எடுத்துக்கொண்டு வா என்றும் சொன்னார்கள். புதுக் கடிதத்துக்குக் கச்சேரி ஏறி இறங்க ஒரு கிழமை போகும். ஒரு கிழமை கழித்து வெட்டி என்ன, வெட்டாமல் விட்டு என்ன? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன.

“திரும்பக் கேக்கிறார்” என்றான் மற்றவன். “புருசன் எங்க?”

நீங்கள்தானே பிடித்துக்கொண்டு போனீர்கள் என்ற சொல் அவளுடைய தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. இத்தனை வருசமும் எந்த முகாமிலும் அதை அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொன்னால் இன்றைக்கு ஆற்றுவாய் வெட்ட மாட்டார்கள். வெளியே குந்தியிருக்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போவார்கள் என்பதும் தெரியாது. அந்தச் சொல்லை விழுங்கினாள். உயிரோடு இருக்கிறார் என்றால் புலி. பிடித்தீர்கள் என்றால் பழி. மிச்சம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. வட்டைச் சனம் முழுக்க அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

“செத்திட்டார் ஐயா” என்றாள்.

அவளுடைய வாயாலேயே சொன்னாள். சொன்ன பிறகு அந்தச் சத்தம் யாருடையதோ போல இருந்தது.

ஆமிக்காரன் அதைச் சிங்களத்தில் சொன்னான். ஆபிசர் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு தன் நெற்றியில் ஒரு விரலை வைத்து, ஒரு சொல் கேட்டான். இந்த நாட்டுப்புறத்தில் கொஞ்சக்காலம் இருந்தவன் போல, தமிழ்ச் சனத்தின் வழக்கம் தெரிந்திருந்தது.

“புருசன் செத்தா ஏன் பொட்டு? பொய் சொல்றயா, கேக்கிறார்.”

கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தாலி எப்போதோ விதைநெல்லாகிப் போய்விட்டது. அவருக்கென்று அவள் உடம்பில் மிஞ்சியிருந்தது அந்தக் குங்குமம் ஒன்றுதான். பட்டினி கிடந்த நாளிலும் விடிந்ததும் அதை வைக்காமல் அவள் படலை தாண்டியதில்லை. இப்போது முந்தானையை எடுத்தாள். நெற்றியை ஒரு தரம் இழுத்துத் துடைத்தாள். ஈரத்தில் குங்குமம் கரைந்து பரவியது. இரண்டாம் தரம் அழுத்தித் துடைத்தாள். வகிட்டையும் துடைத்தாள்.

“காலையில பழக்கத்தில வைச்சிட்டன் ஐயா” என்றாள்.

ஆபிசர் தலையைக் குனிந்துகொண்டான். கடிதத்தில் இளையதம்பி என்ற பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தான். அவளுடைய பெயரைக் கேட்டு எழுதி, பேனையை அவளிடம் நீட்டினான். அவள் கையெழுத்துப் போட்டாள். புளியடிமடு வட்டைக்கு அன்றைக்குத்தான் புது விதானை வந்தது.

வெளியே வந்தவளின் நெற்றியை உசனார் பார்த்தார். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மழையில் நனைந்த தாடியைத் துடைத்துக்கொண்டார்.

“என்ட தம்பிய நான் கண்ணால கண்டன், தங்கச்சி” என்றார். “குளிப்பாட்டி, கபனிட்டு, என்ட கையால மண் போட்டன். அழுது முடிச்சன். நீங்க இன்னும் தொடங்கவே இல்லியே.”

“பொய்க்குச் சொன்னது காக்கா. பயிருக்காகச் சொன்னது. வீட்டை போனதும் பொட்டு வைச்சிருவன்.”

“வைங்க, வைங்க” என்றார் உசனார்.

ஆம்பிளைகள் எழும்பி மண்வெட்டிகளை எடுத்தார்கள். மணலில் கற்பூரம் வைத்துப் பார்த்தார்கள், மழையில் பற்றவில்லை. தேங்காயை மட்டும் உடைத்தார்கள். உசனாரின் ஆட்கள் பாத்திஹா ஓதினார்கள். முதல் வெட்டு விதானை வெட்டுவதுதான் வழக்கம். போன வருசங்களில் அவள் மண்வெட்டியின் பிடியை ஒரு தரம் தொட்டுவிட்டு வேறொருவரிடம் கொடுத்துவிடுவாள், அது இளையதம்பியின் வெட்டு என்பதால். இந்த முறையும் மண்வெட்டியை நீட்டப்போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, தானே ஓங்கி வெட்டினாள். ஈர மணல் பிளந்தது. இரண்டு பக்கமும் ஆம்பிளைகள் விழுந்து வெட்டினார்கள்.

ஒரு முழ அகலத்தில் வாய்க்கால் எடுத்து ஆற்றுப் பக்கத்து மணலைத் தட்டிவிட்டதும் தண்ணீர் தயங்கித் தயங்கித்தான் வந்தது. உள்ளங்கால் நனைகிற அளவு. பிறகு கணுக்கால். பிறகு, ஓடுங்கடா என்று யாரோ கத்தினார்கள். இரண்டு கரையும் பாளம் பாளமாக இடிந்து விழுந்தது. பொழுது உச்சிக்கு வருவதற்குள் ஒரு வீடு போகிற அகலத்தில் ஆறு கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. இழுவை அப்படி, இனி எந்தக் கடலாலும் இதை மூட முடியாது. பொறுத்த நாளெல்லாம் வீணாகவில்லை. வலைக்காரர்கள் எங்கிருந்து வந்தார்களோ, கரை முழுக்க வலையோடு நின்றார்கள். இறாலும் மணலை மீனும் துள்ளின. யாரோ விசிலடித்தான்.

ஆற்றுவாழை, வேரோடு பிடுங்கிய மூங்கில், செத்த ஆடு, ஒற்றைச் செருப்பு, சேற்று நிறத்தில் ஏதோ துணி, எல்லாம் அவளுக்கு முன்னால் புரண்டு கடலுக்குப் போயின. தொண்ணூறில் ஆற்றில் என்னவெல்லாம் போட்டார்கள் என்று ஊர் சொன்ன கதைகள் அவளுக்குத் தெரியும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வட்டை தப்பிற்று, தங்கச்சி!” என்று உசனார் சிறுபிள்ளையைப்போலக் கத்தினார். “தப்பிற்று!”

“ஓம் காக்கா” என்றாள். சந்தோசப்பட வேண்டும் என்று தெரிந்தது. உடம்பு முழுக்க அலுத்துப்போயிருந்தது, இன்றைய அலுப்பு மட்டுமல்ல.

பின்னேரம் கடைசிப் பாதையில் ஏறினாள். வினாயகமூர்த்தி, “அக்கா, வெட்டியாச்சாமே! தண்ணி இழுக்கத் தொடங்கிற்று, பாத்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டே திரும்பினான். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். அவள் அதைக் கவனிக்கவில்லை. புஸ்பத்திடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆமிக்காரனுக்குச் சொன்ன பொய் புள்ள, வேறு வழியில்லை, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் குங்குமச் சிமிழ் இருக்கிறது, எடுத்துவா, வைத்தால் சரி. அதை மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

துறையில் ஊர்ச்சனம் கூடி நின்றது. வெட்டு நடந்த செய்தி அவளுக்கு முந்தியே வந்துவிட்டது. ஆம்பிளைகள் தண்ணீரின் அளவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் முன்னால் வந்தார்கள். புஸ்பம் எல்லோருக்கும் முந்தி, சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“மச்சாள், வட்டை தப்பிற்றாம்…” என்று தொடங்கியவள் அப்படியே நின்றாள். அண்ணியின் வெறும் நெற்றியைப் பார்த்தாள். வகிட்டைப் பார்த்தாள். அக்கரைக்குப் போனவள் பொட்டை அழித்துக்கொண்டு வந்தால் அதற்கு இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். அவர் இல்லை என்று முகாமில் செய்தி சொல்லிவிட்டார்கள். அது உறுதியாகிவிட்டது.

“என்ட அண்ணா!” என்று புஸ்பம் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். “என்ட அண்ணா! என்ட சாமி! கடைசியில உன்ட கதை இப்பிடி வந்து முடிஞ்சுதே!”

வாய் தவறிக்கூடச் சொல்லாமல் இத்தனை வருசமும் அடக்கிவைத்திருந்ததெல்லாம் அவளுடைய நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்தது. மற்றப் பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஒப்பாரி எழும்பிவிட்டது. ஆம்பிளைகள் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்தார்கள். எங்கள் விதானையார் போய்விட்டாரே என்று பெரியவர் ஒருவர் கரையில் குந்திவிட்டார். பறைக்கு ஆள் அனுப்பச் சொல்லி யாரோ யாரிடமோ சொல்லும் சத்தமும் கேட்டது.

“இல்லகா புஸ்பம்” என்று சீதேவிப்பிள்ளை கையைத் தூக்கினாள். “அது… நான்…”

மூன்று தரம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த சொற்கள் வரவில்லை. பொய் என்று சொல்லிவிடலாம். சொன்னால் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நாளை விடிய அவள் திரும்பவும் பொட்டு வைக்க வேண்டும், திரும்பவும் காத்திருக்க வேண்டும், அடுத்த மார்கழியில் திரும்பவும் அவருக்குப் பதிலாகப் போய் நிற்க வேண்டும். அதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஐயோ, அவளுக்குக் களைத்துவிட்டது. வேறு என்ன சொல்ல?

தூக்கிய கையை இறக்கினாள். சேற்றிலேயே கால் மடித்து உட்கார்ந்தாள். புஸ்பத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“பிடிச்சுக்கொண்டு போனாங்களே, என்ட ராசாவப் பிடிச்சுக்கொண்டு போனாங்களே” என்று தொடங்கினாள். ஆபிசரின் மேசைக்கு முன்னால் விழுங்கிய சொல் அது. அன்றிரவு முழுக்க அதையேதான் சொல்லி அழுதாள், தடுக்க ஒருவரும் இல்லை.